பாதி சேனல் எங்க போச்சு? மோட்டார்ஹோம் டிஷ் கேபிள் மாத்துன கதை

வணக்கம் மக்களே! நம்ம மோட்டார்ஹோமோட, அதாவது படுக்கை, டிவி எல்லாம் உள்ளயே இருக்குற வீட்டு வண்டியோட, ஸ்காட்லாந்துல ஃபோர்ட் வில்லியம் பக்கத்துல நிக்குறேன். பின்னாடி தெரியுற மலைய இன்னைக்கு காட்டப் போறதில்ல, அலமாரிக்குள்ளதான் கூட்டிட்டுப் போகப் போறேன்.

இந்தக் காலத்துல எதுக்குய்யா டிஷ்னு கேப்பீங்க. இங்க பாருங்க, போன்ல ஒரு கோடு சிக்னல் கூட இல்ல. ஃப்ரீசாட்னு மாசக் கட்டணம் இல்லாத சாட்டிலைட் டிவி, அது மட்டுந்தான் நமக்கு கதி.

ரெண்டு வாரமா ஒரு வினோதமான கோளாறு. பாதி சேனல் கண்ணாடி மாதிரி வருது, மறுபாதி சுத்தமா இல்ல. நான் என்ன பண்ணேன், யோசிக்காம 20 பவுண்டு குடுத்து புது எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற, சிக்னலப் புடிக்குற கருவி) வாங்கி மாட்டிட்டேன். ஒண்ணும் மாறல. தண்டச் செலவு.

அப்புறம்தான் மண்டைல உறைச்சுது. டிஷ்ஷுக்கு கரண்ட் இதே கேபிள் வழியாத்தான் போகுது. டிவியோட இருக்குற சாட்டிலைட் பாக்ஸ் 13 வோல்ட் அனுப்புனா எல்.என்.பி. செங்குத்து அலைய எடுக்கும், 18 அனுப்புனா கிடைமட்ட அலைய எடுக்கும். வழியில வோல்ட்டேஜ் விழுந்து 15க்கு கீழ போயிட்டா, அது 13னே நினைச்சுக்கும். கிடைமட்ட சேனல் அத்தனையும் காலி. அப்ப பாதி சேனல் போச்சுன்னா, முதல்ல கேபிள் மேலதான் சந்தேகம் வரணும்.

இத உறுதிப்படுத்த பத்து நிமிஷம் போதும். கடைல வாங்குன 10 மீட்டர் கேபிள ஜன்னல் வழியா விட்டு, டிஷ்ஷையும் பாக்ஸையும் நேரா இணைச்சேன். எல்லா சேனலும் வந்துடுச்சு! இத மொதல்லயே செஞ்சிருந்தா அந்த 20 பவுண்டு மிச்சம்.

அடுத்து மல்டிமீட்டர். பழைய கேபிளோட ரெண்டு முனையையும் கழட்டிட்டு, டிஷ் பக்கம் நடுக்கம்பியையும் வெளிவலையையும் சேர்த்துக் கட்டி, டிவி பக்கம் மின்தடை எத்தனை ஓம்னு பாத்தேன். எட்டு மீட்டர் நல்ல செம்புக் கேபிளுக்கு அரை ஓம் கூட காட்டக் கூடாது. எனக்கு 22! எல்.என்.பி. 150 மில்லி ஆம்ப் இழுத்தா மூணு வோல்ட்டுக்கு மேல அங்கயே கரைஞ்சுடும். கணக்கு சரியாப் போச்சா?

கோளாறு எங்கன்னு தேடுனா, அலமாரிக்குப் பின்னாடி, பலகைக்கும் சுவருக்கும் நடுவுல, யாரோ ரெண்டு கேபிள முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருக்காங்க. டேப்ப உரிச்சா உள்ள களிம்பு ஏறி பச்சைப் பசேல்னு இருக்கு. கூரை ஓட்டை வழியா கசிஞ்ச ஈரம் கேபிளப் புடிச்சு இறங்கியிருக்கு.

பழசோட புதுச கட்டி இழுத்துடலாம்னுதான் நெனச்சேன். அசையவே இல்ல. கூரைப் பலகைக்குள்ள ஃபோமோட ஒட்டிக் கிடக்கு. விட்டுட்டேன், ரெண்டு முனையையும் வெட்டி அங்கயே கிடக்கட்டும்னு. புதுசுக்கு வேற பாதை: கூரையிலிருந்து அலமாரி மூலை, அங்கிருந்து படுக்கைப் பெட்டிக்கு அடியில, அப்புறம் டிவி. ஒரே நீளம், நடுவுல ஜாயின்ட்டே கிடையாது. ட்ரில் போடுறதுக்கு முன்னாடி பலகைக்குப் பின்னாடி கேஸ் குழாயோ 230 வோல்ட் ஒயரோ இருக்கான்னு தயவுசெஞ்சு பாருங்க. இதுல விளையாட்டு வேண்டாம்.

கேபிள் வாங்கும்போது நடுக்கம்பி முழுச் செம்பான்னு கேளுங்க. சல்லிசா கிடைக்குறதுல உள்ள இரும்போ அலுமினியமோ இருக்கும், மேல செம்புப் பூச்சு மட்டும். கேபிள் முனைல மாட்டுற எஃப் கனெக்டர் போடும்போது வலைக்கம்பில ஒரு இழை நடுக்கம்பியத் தொட்டாலும் ஷார்ட். எனக்கே மூணாவது தடவைதான் சரியா வந்துச்சு, அந்த ரெண்டு தோல்வியையும் எடிட்ல வெட்டிட்டேன், ஹி ஹி. வளைக்குறப்போ சட்டுனு மடிக்காதீங்க, டீ டம்ளர் சுத்துற மாதிரி வளைவு இருக்கட்டும். வெளிய கூரைக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி கேபிள கீழ தொங்குற மாதிரி ஒரு வளையம் விடுங்க, தண்ணி அங்கயே சொட்டிடும்.

இப்ப மீட்டர் 0.3 ஓம் காட்டுது. டிஷ்ஷ தென்கிழக்கா, 28.2 டிகிரி கிழக்கு தீர்க்கரேகைக்கு மேல நிக்குற ஃப்ரீசாட் சாட்டிலைட்ட பாத்து திருப்பியாச்சு. இவ்வளவு வடக்க வந்துட்டா அது அடிவானத்துலருந்து 19, 20 டிகிரிதான் மேல இருக்கும். அதனால அந்தப் பக்கம் மரம் இல்லாத இடமாப் பாத்துத்தான் வண்டியவே நிறுத்துனேன்.

இதோ, எல்லா சேனலும் ஓடுது பாருங்க. புதுக் கேபிளோட ஒரு நைலான் நூலையும் உள்ள விட்டு வச்சிருக்கேன், அடுத்த தடவை இழுக்க. சரி, தூறல் ஆரம்பிச்சிடுச்சு, ஏணி இன்னும் வெளிய நிக்குது. வர்றேன் மக்களே.