ஒரு புடவை, மூன்று நாடா, இரண்டு பேர்

[திரையில்: பட்டுப் புடவையின் உட்புறம், மிக அருகில்]

வணக்கம். உங்கள் வீட்டில் கோர்வைக் கரை போட்ட காஞ்சிபுரம் பட்டுப் புடவை இருந்தால், காணொளியைச் சற்று நிறுத்திவிட்டு, அதன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். உடலின் நிறம் ஓரிடத்தில் சட்டென்று நின்று, அங்கிருந்து கரையின் நிறம் தொடங்கும். அங்கே தையல் கிடையாது; குறுக்கே ஓடும் இரண்டு நிற ஊடை இழைகள் கொக்கிபோல் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். மரபான தறியில் இந்தக் கோர்வையைப் போட இரண்டு பேர் வேண்டும்.

வேலையைப் பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசிகள் செய்யலாம் என்று 1776-இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் கணக்குச் சொன்னார். எண்ணிக்கை பெருகுவதை விளக்க அந்தக் குண்டூசி போதும். கைத்திறன் பெருகுவதை விளக்க எனக்குப் புடவைதான் வேண்டும்.

[திரையில்: குழித்தறி]

கோர்வைத் தறியில் உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன; ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் கருவிதான் நாடா. நெசவாளர் குழிக்குள் கால்விட்டு மிதியை மிதித்தபடி உடல் நாடாவை ஓட்டித் தம் பக்கத்துக் கரையைக் கோர்க்க, மறுபக்கத்துக் கரை நாடாவைத் துணையாள் தள்ளி, உடல் இழையோடு மாட்டிவிடுகிறார். துணையாளின் கை சற்றே இறுகினால் கரை சுருங்கும். சற்றே தளர்ந்தால் இழை தொங்கும். ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு இருவர் கையும் ஒரே அளவில் இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. முன்பு இந்தத் துணை வேலையில் சிறுவர்களை அமர்த்தினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகளின் உழைப்பை நாம் வேலைப் பிரிவினையின் பெருமையில் சேர்க்கக் கூடாது.

பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் உலர்ந்தபின் எப்படி வெளுக்கும் என்று சாயம் தோய்ப்பவரின் கண்ணுக்குத் தெரியும். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு தீரும்போது, புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பதற்கென்றே தனியாக ஆட்கள் இருக்கிறார்கள்; பெரும்பாலும் பெண்கள். நெசவாளரே அந்த வேலைக்கு உட்கார்ந்தால், தறி அத்தனை நேரமும் சும்மா கிடக்கும். ஒரே புடவையை நம்பி இத்தனை வீடுகளில் அடுப்பெரிகிறது.

ஆனால் யாருக்கு எந்த வேலை என்பதைக் கையின் நயம் முடிவு செய்ய வேண்டும், பிறப்பு அன்று. சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை அன்று, அது வேலை செய்வோரையே பிரிப்பது என்று 1936-இல் அம்பேத்கர் எழுதியது இங்குதான் பொருந்துகிறது. நிறத்தில் கண்ணுள்ள ஒரு பெண் பாவு பிணைப்பதோடு நின்றுவிட்டால், அவருக்கு மட்டுமன்றி, அவர் தோய்த்திருக்கக்கூடிய நிறத்தைக் காணாத நமக்கும் அது இழப்பே.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் பாவு பிணைத்திருந்தால், ஒரு பாவுக்கு எவ்வளவு கூலி வாங்கினார்கள் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். நெய்தவரின் கூலியைப் பற்றியாவது பேசுகிறோம். பிணைத்தவரின் கூலியை யாரும் கேட்பதில்லை.