கண்ணாடி மேல் எறிந்த மூன்று கல்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வீட்டில் சாப்பாடு எடுத்து வைக்கச் சிறந்தது பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பிளாஸ்டிக்குக்காகப் பேசிய நண்பர் மூன்று கல் எறிந்தார்: கண்ணாடி கனக்கும், உடையும், அதன் மூடியும் பிளாஸ்டிக்தான். எதிரில் கண்ணாடி இருந்தால் கல்லெறிவது சுலபம்!

கனத்தை ஒரு வரியில் முடிக்கிறேன். தலைப்பில் 'வீட்டில்' என்று இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் பத்தடி தூரம், அவ்வளவுதான்.

இனி அவர் சொல்லாமல் விட்டது. எங்கள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தக்காளியும் எண்ணெயுமாகச் சமைத்ததை அதில் ஓர் இரவு வைத்தோம். நான்கு முறை சோப்பு போட்டாயிற்று. உள்ளே செம்மஞ்சள் வளையம் அப்படியே இருக்கிறது. விரலை வைத்தால் இன்னும் வழுக்குகிறது. தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைகோபீன் எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள்ளும் இறங்கிவிடும். நடுவர் அவர்களே, சாப்பாட்டில் இருப்பது டப்பாவுக்குள் போகிறதென்றால், டப்பாவில் இருப்பது சாப்பாட்டுக்குள் வராதா? வரும். சூடு பட்டால் இன்னும் வேகமாக வரும்.

பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த பால்புட்டியை ஒரு காலத்தில் நம்பித்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து கசியும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் காரணமாக 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் புட்டிக்குத் தடை போட்டது. அந்த வேதிப்பொருள் தினமும் இவ்வளவு உடம்பில் சேரலாம் என்று 2015-இல் சொன்ன அளவை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 20,000-இல் ஒரு பங்காகக் குறைத்தது. எட்டே வருடத்தில்!

இன்றைய டப்பாக்களில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும், அது பாலிப்ரொப்பிலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக், அதில் பிஸ்பீனால் இல்லை என்பார் நண்பர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேய்க்கத் தேய்க்க விழும் கீறலை என்ன செய்வது? அழுக்கு தங்குவது அதில்தானே.

உடையும் என்றார். உடையும்தான். ஆனால் சூட்டில் சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடி விரியும். அதனால் சூட்டில் எளிதில் விரிசல் விடாது. அதற்காக ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே சூட்டில் வைக்கச் சொல்லவில்லை. குழம்பாக இருப்பதை வாய்வரை நிரப்பி உறைய வைக்கவும் வேண்டாம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். இத்தனைக்குப் பிறகும் உடைந்தால், சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிட்டுத்தான் உடையும். பெருக்கி எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் தேய்ந்து சாப்பாட்டில் கலந்தால் யார் காதில் விழும்?

மூடிக்கு வருகிறேன். சாப்பாடு மூடியைத் தொடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், சூடாக்கும்போது கழற்றி வையுங்கள்.

பழைய டப்பாக்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஊசி, நூல், பொத்தான் போட்டு வைக்கலாம். மணி அடித்துவிட்டார்கள், அதனால் ஒன்றே ஒன்று: நண்பர் இன்று வீட்டுக்குப் போனதும், கழுவிக் காய வைத்த டப்பா ஒன்றைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகட்டும். போன வாரம் என்ன சமைத்தார்கள் என்று அதுவே சொல்லும்.