கடுகுக் கார்களும் எங்கள் கொட்டகையும்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, மழையையும் பாராமல் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்திருக்கும் கராஜ் உரிமையாளர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். என்னைத் தன் வண்டியில் மண்டபம் வரை கூட்டிவந்த வர்த்தக சங்கத் தலைவர் ஐயாவுக்குத் தனி நன்றி.

மலிவுக் கார்களை வேகக் கார்ப் பிரியர்கள் முன்பு எப்படிப் பார்த்தார்கள், இப்போது எப்படிப் பார்க்கிறார்கள் என்பதுதான் தலைப்பு. மூன்று விஷயம் பேச வேண்டும்: கொரியா, சீனா, திருகோணமலை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று எங்கள் அப்பாச்சி சொல்லுவா. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1986இல் கொரியாவின் ஹுண்டாய் எக்ஸெல் கார் அமெரிக்காவில் இறங்கியது. விலை 4,995 டொலர். வாங்கியவர்களும் அதிகம், பழுது என்று திட்டியவர்களும் அதிகம்.

டொரண்டோவில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறார், கார்ப் பைத்தியம். நான் அந்தக் காலத்தில் ஒரு பழைய கொரியக் கார் எடுத்து, நிலாவெளியில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் வந்தது: "மச்சான், கந்தளாய் மட்டும் அது உன்னை ஏற்றிப்போகும். அங்கிருந்து நீ அதைத் தள்ளிக்கொண்டு வா." சரி. போன வருடம் லீவில் வந்தவர், சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியை வைத்து ஒரு சத்தம் போட்டுக் காட்டினார். பட் பட் படார்! மாமி, அதாவது அவரைப் பெற்றவ, குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தா. "தம்பி, சைலன்சரில ஓட்டையோ? அநுராதபுரச் சந்தியில வெல்டிங் கடை இருக்கு." மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, இது ஹுண்டாயின் வேகக் கார், 'எலன்ட்ரா N'. 276 குதிரைவலு. வேணுமெண்டே வைச்ச சத்தம்." மாமி விடவில்லை: "ஓட்டைக்கும் சேர்த்தோ காசு கட்டினனீ?"

அதே கொரியா, அதே வாய்! இடையில் என்ன நடந்தது? ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவில் வேகக் கார்கள் செய்யும் 'M' பிரிவில் பொறியியலைப் பார்த்த அல்பர்ட் பீர்மான் 2015இல் ஹுண்டாய்க்கு வந்தார். ஜெர்மனியின் நூர்புர்கிரிங் பந்தய ஓடுபாதையில் ஓட்டி ஓட்டித் திருத்திய 'i30 N' கார் 2017இல் வெளிவந்தது. 2019, 2020 இரண்டு வருடமும் உலக ரலிக் கார்ப் பந்தயத்தில் ஹுண்டாய்க்குத் தயாரிப்பாளர் பட்டம். கடுகின் காரம் தெரிந்தது அப்போதுதான். வேலை தெரிந்த ஆளும், அவர் வேலை பார்க்க ஓர் இடமும் வேண்டும்.

இங்கேதான் என் வழக்கமான பாட்டு. சிரிக்கிறீர்கள், பரவாயில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதுவரை பழைய மாருதிகளையும் அல்டோக்களையும் இந்த ஊரில் ஓடவைத்தவர்கள் கிரீஸ் கையோடு இங்கே இருக்கும் பெடியன்கள். அவர்களிடம் இப்போது பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட்டும், மின்காரும் வருகின்றன. அவற்றில் இருக்கும் செம்மஞ்சள் வயர் தெரியுமா? அதற்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அந்த வோல்ட்டுக்கென்றே செய்த மின்காப்பு ரப்பர் கையுறை போடாமல், மின்னைத் துண்டிக்காமல் திறந்தால் ஆள் மிஞ்சமாட்டார். இதைத் தமிழில், செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்க ஒரு மாலை வகுப்பு வேண்டும். செயலாளர் அம்மா, பெரிய கட்டடம் கேட்கவில்லை. ஒரு கொட்டகை, ஒரு பழைய ஹைபிரிட், வாத்தியார் ஒருவர்.

மணி அடித்துவிட்டார்கள். சீனாவுக்கு ஒரு வரிதான்: கைத்தொலைபேசி விற்ற ஷாவோமி செய்த மின்கார் 2025இல் அதே நூர்புர்கிரிங்கில் ஜெர்மனியின் போர்ஷே டைக்கன் மின்காரின் நேரத்தை முந்தியது. கடுகு!

மாலை வகுப்புக் கேட்கும் கையெழுத்துத் தாள் வாசலில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கராஜ் வைத்திருப்பவர்கள் கராஜின் பெயரையும் எழுதுங்கள். பேனை போதாது, ஒருவர் எழுதியதும் அடுத்தவரிடம் கொடுங்கள்.