ப்ளக்இன் வாங்குததுக்கு முன்னாடி வில்லுப்பாட்டு கேளுங்க மக்கா! வீட்லயே ராப் வோக்கல் மிக்ஸிங், புதுசா ஆரம்பிக்கவியளுக்கு

ஏ மக்கா, மொதல்ல ஹெட்ஃபோன மாட்டுங்க. ஒரே வெர்ஸ ரெண்டு தடவ போடுதேன், எதுல சொல்லு தெளிவா காதுல விழுதுன்னு மட்டும் கவனிங்க.

(கருப்புத் திரை. முதல் வெர்ஸ், அடுத்து ரெண்டாவது வெர்ஸ்.)

கேட்டியளா? ஒரே மைக்கு, ஒரே ரூமு, ஒரே ஆளு, லீடு வோக்கலும் (முக்கிய கொரலும்) அதே டேக்குதான். ரெண்டாவதுல லைன் முடியுத எடத்துல மட்டும் சின்னதா ரெண்டு ட்ராக் கூட நிக்குது, காசு குடுத்து வாங்குன ப்ளக்இன் (சாஃப்ட்வேர்ல சேத்துக்கிடுத எஃபெக்ட்) ஒண்ணு கூட கெடையாது. அந்த ரெண்டு ட்ராக்க எங்க வைக்கணும், எவ்வளவு சத்தத்துல வைக்கணும்னு நம்ம சொடலமாடன் கோயில் கொடைத் திருவிழால வில்லு முன்னாடி உக்காந்து வில்லுப்பாட்டு பாடுதவியளுக்கு எப்பவோ தெரியும். அதத்தான் இன்னைக்கு பாக்கப் போறோம். நம்ம பேச்சுலயே ராப் எழுதுத பயலுவளும் பிள்ளைகளும் இப்ப பாளையங்கோட்டைல இருந்து வள்ளியூர் வரை நெறய பேரு இருக்காவ, வரி ஒவ்வொண்ணும் அவ்ளோ நல்லாருக்கு, ஆனா மிக்ஸ்ல பாதி வார்த்த கரைஞ்சு போயிருது, அது எனக்கு தாங்கல. ராப்ல சொல்லு கேக்கணும், மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.

செட்டப்ப வேகமா சொல்லிட்டு போயிருதேன். ரீப்பர் சாஃப்ட்வேர் 60 நாள் சும்மாவே ஓட்டிப் பாக்கலாம், கூடவே ஈக்யூ (அலைவரிசைய ஏத்தி எறக்குதது), கம்ப்ரஸர் (சத்தத்தோட ஏத்த எறக்கத்த அடக்குதது) எல்லாம் வருது. போனு மட்டும்தான் இருக்குன்னா பேண்ட்லேப் போதும். ரெக்கார்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க. சத்தமா கத்துத எடத்துல கூட மீட்டர் -6 டெசிபலுக்கு மேல ஏறாம பாத்துக்கோங்க, செவப்பு விளக்கு எரிஞ்ச டேக்க அப்புறம் ஒழுங்கா சரி பண்ண முடியாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம், நடுவுல வாய்க் காத்த தடுக்குத பாப் ஃபில்டர். புளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம், சத்தம் லேட்டா வரும், பீட்ட விட்டு வெலகிருவிய, வயர் வச்சதையே போடுங்க.

ரூம பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். நம்ம ஊர்ல இப்ப பாதி வீடு பத்துக்குப் பத்து கான்கிரீட் ரூமு, மொட்ட செவரு, கீழ டைல்ஸு. சத்தம் ஒரு செகண்டுக்கு சுமாரா 343 மீட்டர் ஓடும், அப்ப அஞ்சடி தள்ளி இருக்க செவத்துல பட்டு திரும்பி வர ஏறக்குறைய 9 மில்லி செகண்டு. நம்ம காது அத தனி எதிரொலியா பிரிச்சு கேக்காது, ஒங்க கொரலோடயே ஒட்டிக்கிட்டு சில அலைவரிசைய கூட்டும் சிலத அடிச்சிரும், அந்த டப்பா சத்தம் வருதது அதனாலதான். ரெக்கார்டுல ஏறிட்டா எந்த ப்ளக்இன்னும் அத முழுசா உருவி எடுக்காது. பத்தமடைப் பாய செவத்துல தொங்க விடலாமான்னு ஒருத்தர் கமெண்ட்ல கேட்டிருந்தாவ, பாயி ரொம்ப மெல்லிசு அண்ணாச்சி, பெருசா ஒண்ணும் உறிஞ்சாது, இலவம்பஞ்சு மெத்தைய நிமித்தி முதுகுக்குப் பின்னாடி சாத்துங்க, மேல ரெண்டு கனத்த போர்வையும் போடுங்க. கார்டியாய்டு மைக்கு (முன்பக்கத்துச் சத்தத்தையே அதிகமா பிடிக்குத மைக்கு) ஒங்க வாயப் பாத்துதான நிக்குது, அது அதிகமா பிடிக்குதது ஒங்க முதுகுப் பக்கத்துல இருந்து திரும்பி வார சத்தத்த. இன்னொண்ணு, இரும்பு பீரோ மேல காலி எவர்சில்வர் குடம் கிடந்தா எறக்கி வைங்க, ஒங்க கொரலுக்கு அது கூடவே ஆடி ரீங்காரம் போடும். ஃபேன நிப்பாட்டுங்க. வேர்க்கும்தான், சித்திரை மாசத்துல நம்ம ஊர்ல வேர்க்காம இருக்குமா, ஒரு வெர்ஸு முடிஞ்சதும் போட்டுக்கலாம்.

சரி, இப்ப வில்லுக்கு வருவோம், இந்த வீடியோவே இதுக்காகத்தான் எடுக்கேன்.

(வரைபடம்: நடுவுல வில்லும் குடமும், ரெண்டு பக்கமும் பாடுதவிய.)

வில்லுப்பாட்டு நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கத்து கல. சத்திரம் புதுக்குளத்துல பொறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா அத சென்னைக்கு கொண்டு போயி பெருசாக்குனாவ, 2021ல பத்மஸ்ரீ குடுத்தாவ அவியளுக்கு. இப்ப அந்த மேடைய ஒரு மிக்ஸ் இன்ஜினியர் காதோட கேளுங்க. நடுவுல தலைமப் பாடகர் வீசுகோல வச்சு வில்லத் தட்டிக்கிட்டே கத சொல்லுதாவ. அவிய வரி முடியும்போது பக்கத்துல இருக்கவிய கடைசி ரெண்டு மூணு வார்த்தைய மட்டும் பிடிச்சு திருப்பிப் பாடுவாவ, முழு வரியையும் கூடவே பாட மாட்டாவ. நடுவுல மூச்சு வாங்குத எடத்துல 'ஆமா'ன்னு ஒரு கொரலு விழும். அந்த ஆமா ஒரு நாளும் கதைக்கு மேல ஏறாது, கத சொல்லுதவரு வாயத் தொறந்ததும் அது அடங்கிரும். கீழ குடம் கும்கும்னு போயிட்டு இருக்கும், மேல வில்லு மணி சிலுசிலுன்னு கேக்கும், நடுவுல இருக்க எடம் பூரா சொல்லுக்கு. இத விட சுத்தமா ஒரு ராப் செஷன யாரு அடுக்க முடியும் சொல்லுங்க!

அத அப்பிடியே ப்ராஜெக்ட்ல இறக்குவோம். லீடு வோக்கல் ஒரே ட்ராக், நட்ட நடுவுல. அடுத்து டபுள்ஸ், அதாவது அதே வார்த்தைய கூடவே பாடுத ரெண்டாவது கொரலு, லைன் முடியுத வார்த்தைக்கு மட்டும். லீட காப்பி பண்ணி ஒட்டாதிய, அதே சத்தம் மேல அதே சத்தத்த வச்சா 6 டெசிபல் கூடும், அவ்வளவுதான், கொஞ்சம் நகத்தி வச்சிங்கன்னா டப்பா சத்தம் திரும்ப வந்திரும். புதுசா வாயத் தொறந்து மறுபடியும் பாடணும், ரெண்டு கொரலும் ஒரு மயிரிழ வித்தியாசத்துல போனாத்தான் அது தடிமனா நிக்கும். லீட விட ஒரு 8 டெசிபல் கொறச்சு வைங்க, ம்யூட் பண்ணுனா ஏதோ போச்சேன்னு தெரியணும், ஓடும்போது தனியா தெரியக் கூடாது. அட்லிப்ஸு, அதாவது நடுநடுவுல போடுத சின்னக் கொரலு, அதுதான் நம்ம ஆமா. அத ஒண்ணு எடதுல ஒண்ணு வலதுல தள்ளுங்க, 300 ஹெர்ட்ஸுக்கு கீழயும் 3400க்கு மேலயும் வெட்டிருங்க, அது பழைய டெலிபோன் லைனு கடத்துன அளவு, சின்னதா ஒதுங்கி நிக்கும், லீடோட சண்டைக்கு வராது. எங்க போடணும்னு கேட்டா, லீடு மூச்சு வாங்குத எடத்துல. வார்த்த மேல வார்த்தைய போட்டு ஹைப்பு ஏத்துத ஸ்டைலு நெறய பேருக்கு பிடிக்கும், எனக்கு அது பிடிக்காது, எழுதுனவன் கஷ்டப்பட்டு எழுதுன வரிய அவனே மூடுதான்.

இதுவரைக்கும் பிடிச்சிருந்தா ஒரு லைக்க தட்டிட்டு வாங்க, தமிழ்ல இத உக்காந்து பேசுதவிய கம்மி, கூட நாலு பேருக்கு போய் சேரட்டும்.

ஈக்யூ சீக்கிரம் முடிஞ்சிரும். 80 இல்லாட்டி 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டுங்க, அங்க கொரலு பெருசா கெடையாது, பஸ்ஸு போற அதிர்வுதான் கெடக்கும். 200ல இருந்து 500க்குள்ள கொழகொழன்னு இருக்க எடத்த தேடி 3 டெசிபல் எறக்குங்க. அப்புறம் 3000 பக்கத்துல லேசா ஏத்துங்க. கொடைக்கு பனமரத்துல கட்டுத குழாய் ஸ்பீக்கர கேட்டிருப்பிய, அதுல பேஸே வராது, ஆனா அடுத்த ஊரு வரைக்கும் ஒவ்வொரு சொல்லும் கேக்கும், ஏன்னா அந்த நடு அலைவரிசைலதான் சொல்லோட தெளிவு இருக்கு.

கம்ப்ரஸர். நீளமான லைன ஒரே மூச்சுல அடிக்கும்போது ஆரம்பத்துல சத்தம் கனமா இருக்கும், கடைசி வார்த்தைல மூச்சு தீந்து கொரலு எறங்கிரும். மொதல்ல கையாலயே அந்த வார்த்தைகள ஏத்தி வைங்க, பொறுமையா, பைய. அதுக்கு மேல கம்ப்ரஸர் போடுங்க. ரேஷியோ 4க்கு 1ன்னா த்ரெஷோல்ட (கம்ப்ரஸர் வேல செய்ய ஆரம்பிக்குத அளவ) 4 டெசிபல் தாண்டுன சத்தம் 1 டெசிபல்தான் தாண்டி வெளிய வரும். 1960கள்ல பில் புட்னம் பண்ணுன 1176ங்கிற கம்ப்ரஸர் 20 மைக்ரோ செகண்டுலயே பாஞ்சு பிடிக்கும், அதே காலத்து எல்.ஏ.-2.ஏ. ஒரு சின்ன வெளிச்சத்த வச்சு நிதானமா வேல செய்யும். வேகமான ஒண்ணு முன்னாடி, நிதானமானது பின்னாடி, ரெண்டும் ஆளுக்கு 3 டெசிபல் கொறைக்கட்டும், ஒருத்தனே 10 கொறைக்கதுக்கு இது எவ்வளவோ மேல். ரெண்டோட மாடல்லயும் ஓசி ப்ளக்இன் கெடைக்கு.

இப்ப சொல்லப் போறத கண்டிப்பா கேட்டுட்டு போங்க. வெளிநாட்டு ப்ரீசெட்ட (முன்னாடியே செட் பண்ணி வச்ச அளவுகள) அப்பிடியே போட்டா நம்ம வாய்க்கு ஏன் சரிப்பட மாட்டேங்கு? அவிய இங்கிலீஷ்ல வார்த்த ஆரம்பத்துல 'ப', 'ட', 'க' சொல்லும்போது காத்து தள்ளிக்கிட்டு வரும், நம்ம தமிழ்ல அந்தக் காத்து கெடையாது. அதுக்குப் பதிலா நமக்கு இரட்ட எழுத்து இருக்கு. பட்டு, பாக்கு, நெத்தி, எப்பம்னு சொல்லிப் பாருங்க, நடுவுல நாக்கோ ஒதடோ ஒரு கணம் அடச்சு நின்னுட்டு தெறிக்கும். அந்த அடப்புல சுத்த மௌனம் இருக்கு, நம்ம ராப்போட உசுரே அந்த மௌனந்தான். நீங்க ரெண்டு செகண்டு நீளத்துக்கு ரிவெர்ப (பெரிய மண்டபத்துல வார மாதிரி எதிரொலிய) போட்டா அந்த மௌனத்துக்குள்ள முந்தின எழுத்தோட வாலு வந்து நெறஞ்சிரும், பட்டு மழுங்கிப் போயி படுவாயிரும். கம்ப்ரஸரோட ரிலீஸ் (அமுக்குன சத்தத்த திரும்ப விடுதது) ரொம்ப வேகமா இருந்தாலும் கத இதுதான், அந்த இடவெளிக்குள்ள ரூமு சத்தத்த தூக்கி விட்டுரும். அதனால ரிவெர்ப் ஒரு செகண்டுக்கு உள்ளயே இருக்கட்டும், ப்ரீ-டிலே (ரிவெர்ப் ஆரம்பிக்கதுக்கு முன்னாடி விடுத இடவெளி) 30 மில்லி செகண்டு குடுங்க, அந்த ரிவெர்ப தனி சென்ட் ட்ராக்ல (எஃபெக்ட்டுக்குன்னு வைக்குத ட்ராக்ல) வச்சு லீடுல இருந்து அதுக்கு கொஞ்சூண்டு அனுப்புங்க. டீ-எஸ்ஸர (கூசுத 'ஸ்' சத்தத்த அடக்குதத) 5000ல இருந்து 8000 ஹெர்ட்ஸுக்குள்ள தேடி வைங்க, 'ச'வும் 'ஸ்'ஸும் காதக் குத்துத எடத்துல மட்டும் அது அசையணும், பூரா நேரமும் அசைஞ்சா 'ஸ்' சரியா வராத மழலப் பேச்சு மாதிரி ஆயிரும்.

டிலேக்கு (வார்த்தைய திருப்பிச் சொல்லுத எதிரொலிக்கு) கணக்கு ஈஸி. 60000த்த பீட்டோட பி.பி.எம்மால (ஒரு நிமிஷத்துக்கு எத்தன தட்டுங்கிற கணக்கால) வகுத்தா ஒரு தட்டுக்கு எத்தன மில்லி செகண்டுன்னு வந்திரும், 90 பி.பி.எம்முன்னா 667. லைனோட கடைசி வார்த்தைக்கு மட்டும் அத தொறந்து விடுங்க, நடு வரில வேண்டாம்.

சுருதிய சரி பண்ணுத ஆட்டோட்யூன் பத்தி கேக்குதவிய ஜாஸ்தி. ராப்புக்கு கட்டாயம் இல்ல, ஹூக்குக்கு (பாட்டுல திரும்பத் திரும்ப வார வரிக்கு) போட்டா நல்லாருக்கும். ஆனா அது எங்க இருந்து வந்துதுன்னு தெரியுமா? 1997ல அத வெளியிட்ட ஆண்டி ஹில்டெப்ராண்டுங்கிறவரு அதுக்கு முன்னாடி எண்ணெய்க் கம்பெனிகளுக்காக வேல பாத்தவரு, பூமிக்குள்ள அதிர்வ அனுப்பி திரும்பி வார அலைய அலசி எண்ணெய் எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்க கணக்கு அவருக்கு அத்துப்படி. அந்த அலசல் கணக்க கொரலுக்கு திருப்பி சுருதி எங்க நிக்குன்னு பிடிச்சிட்டாரு. இத மொதல்ல படிச்சப்ப எனக்கு அன்னைக்கு பூரா வேற நெனப்பே ஓடல!

யூட்யூப்ல இருந்து எடுத்த பீட்டுன்னா அது ஏற்கனவே மாஸ்டர் பண்ணி உச்சத்துல நிக்கும். கொரல ஏத்திக்கிட்டே போகாதிய, பீட்ட 6 இல்ல 8 டெசிபல் எறக்குங்க, 3000 பக்கத்துல பீட்டுலயும் லேசா ஒரு பள்ளம் தோண்டுங்க, அந்தப் பள்ளத்துல கொரலு உக்காரும். பாட்ட வெளியிடணும்னா பீட்டுக்காரர்ட்ட லைசென்ஸ் வாங்கிருங்க, அது அவிய சோறு.

கடைசியா சத்தத்த நல்லா கொறச்சு வச்சு மிக்ஸ கேளுங்க. காது கம்மி சத்தத்துல பேஸ கொறச்சுதான் கேக்கும்னு ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அளந்து காட்டிட்டாவ, அந்த நெலமைலயும் வார்த்த புரியுதுன்னா ஒங்க லீடு சரியான எடத்துல இருக்கு. அப்புறம் போனு ஸ்பீக்கர்ல கேளுங்க, ஃப்ரெண்டோட கார்ல கேளுங்க, வரி தெரியாத ஒருத்தர ஒக்கார வச்சு காதுல விழுந்தத திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, எங்க தடுமாறுதாவளோ அந்த வார்த்தைய ஒரு டெசிபல் ஏத்துங்க. எக்ஸ்போர்ட் பண்ணும்போது ட்ரூ பீக் (சத்தத்தோட நெச உச்சம்) -1 டெசிபல்ல நிக்கட்டும், யூட்யூப் -14 எல்.யூ.எஃப்.எஸ்ஸுக்கு (பாட்டோட சராசரி சத்த அளவு) மேல ஏறுனத எப்பிடியும் எறக்கிரும், அதனால லிமிட்டர (உச்சத்த தாண்ட விடாம தடுக்குதத) போட்டு நசுக்க வேண்டாம்.

ஒங்க வெர்ஸோட எஃபெக்ட் எதுவும் போடாத ட்ராக்கையும் பீட்டையும் ட்ரைவ்ல ஏத்தி லிங்க கமெண்ட்ல போடுங்க, மூணு பேரோடத எடுத்து அடுத்த வீடியோல ஒங்க கண்ணு முன்னாடியே மிக்ஸ் பண்ணுதேன். பி.பி.எம். என்னன்னு மறக்காம எழுதிருங்க, எந்த ஊருன்னும் சேத்துப் போடுங்க.