வலிக்காத ஊசியும் கக்குவான் இருமலும்

[திரை: ஆய்வுக்கூடம். கூண்டுக்குள் ஒரு பபூன் குரங்குக் குட்டி.]

இந்தக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. கக்குவான் இருமலுக்கான ஊசி. அதன் பிறகு, அந்த நோயைத் தரும் பாக்டீரியாவை வேண்டுமென்றே இதன் மூச்சுப்பாதையில் விட்டார்கள். குட்டிக்கு இருமல் வரவில்லை, சுறுசுறுப்பாக இருக்கிறது. ஊசி வேலை செய்துவிட்டது என்றுதானே சொல்வோம்?

ஆனால் மூக்கையும் தொண்டையையும் கழுவி எடுத்த நீரில், வாரக்கணக்கில் உயிருள்ள பாக்டீரியா இருந்துகொண்டே இருந்தது. ஊசி போடாத இன்னொரு குட்டியைப் பக்கத்தில் விட்டபோது அதற்கும் தொற்றியது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் ஆய்வுக்கூடத்தில் ஜேசன் வார்ஃபெல், டாட் மெர்க்கல் குழு செய்த இந்த ஆய்வு 2013 கடைசியில் வெளிவந்தது. தடுப்பூசி போட்ட நாடுகளிலேயே இந்த நோய் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பல வருடங்களாகக் குழம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு முக்கியமான துப்பு. அது எதைக் காட்டியது என்று புரிய, நோயிலிருந்தே தொடங்கலாம்.

[திரை: மூச்சுக்குழாயின் உட்புறம். அசையும் மெல்லிய மயிரிழைகள்.]

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. சளியையும் தூசியையும் ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. போர்டடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியா நேராகப் போய் இந்த இழைகளில்தான் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு நச்சுகளைக் கக்குகிறது. ஒரு நச்சு இழையுள்ள செல்களைச் சாகடிக்கிறது. இன்னொன்று, பெர்டுசிஸ் நச்சு, ரத்தத்தில் கலந்து வெள்ளையணுக்களைக் குழப்பிவிடுகிறது. அவை ரத்தத்தை விட்டு வெளியேறித் தொற்று இருக்கும் இடத்துக்குப் போக முடியாமல் ரத்தத்திலேயே தேங்கிவிடுகின்றன.

குழந்தை மூச்சு விட இடமில்லாமல் தொடர்ந்து இருமும். முகம் சிவந்து, நீலம் பாய்ந்து, கடைசியில் ‘ஊப்’ என்று காற்றை இழுக்கும். பல நேரம் வாந்தியோடு முடியும். இது வாரக்கணக்கில் நீளும். இரண்டு மாதக் கைக்குழந்தைக்கு இந்தச் சத்தம்கூட வராமல் போகலாம். சட்டென்று மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். இந்த நோயில் சாவது பெரும்பாலும் இந்த வயதுக் குழந்தைகள்தான். அசித்ரோமைசின் போன்ற மருந்துகள் கிருமியைக் கொல்லும். ஆனால் இருமல் முற்றிய பிறகு கொடுத்தால் அடுத்தவருக்குப் பரவுவது குறையுமே தவிர, இருமல் சட்டென்று நிற்காது. சேதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும்.

[திரை: 1930களின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத் தெரு, கறுப்பு வெள்ளைப் படம்.]

இந்தக் கிருமியை 1906இல் பிரஸ்ஸல்ஸில் பிரித்தெடுத்தவர்கள் ஜூல் போர்டேயும் ஆக்டாவ் ஜாங்கூவும். உருளைக்கிழங்குச் சாறும் ரத்தமும் கலந்த ஒரு வளர்ப்பு ஊடகத்தில் அதை வளர்த்துக் காட்டினார்கள். அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு தடுப்பூசி செய்து விற்றார்கள். எது வேலை செய்தது, எது வெறும் தண்ணீர் என்று சொல்ல வழியில்லை.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கிராண்ட் ராபிட்ஸ் என்ற ஊரில் இருந்த சுகாதாரத் துறை ஆய்வுக்கூடத்தின் இரண்டு பெண்கள்: பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங். இருவருக்குமே சின்ன வயதில் கக்குவான் இருமல் வந்திருக்கிறது. 1932இல் இந்த வேலையைத் தொடங்கினார்கள். அதுவும் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், பகலில் தண்ணீர், பால் மாதிரிகளைப் பரிசோதிக்கும் அலுவலக வேலையை முடித்த பிறகு. மாலையில் நோயுள்ள வீடுகளுக்குப் போய், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், இருமும் குழந்தையின் வாய்க்கு நேரே ஊடகம் பூசிய தட்டைப் பிடிப்பார்கள். அந்தத் தட்டில் கிருமி வளர்ந்தால் நோய் உறுதி. எத்தனை நாள் வரை ஒரு குழந்தை கிருமியைப் பரப்புகிறது என்பதையும் இந்தத் தட்டுகளை வைத்தே கணித்தார்கள்.

பிறகு கிருமியை வளர்த்து, கொன்று, தடுப்பூசியாக்கினார்கள். முதலில் தங்களுக்கே போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் ஊர்க் குழந்தைகள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே பெரிய விஷயம் இந்த இடம்தான். ஒப்பிடுவதற்கு ஊசி போடாத ஒரு குழு வேண்டும். அநாதை இல்லத்துக் குழந்தைகளைப் பயன்படுத்துவது அன்றைக்கு வழக்கம். கெண்ட்ரிக் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதே ஊரில், அதே வயதில், அதே மாதிரி வீடுகளில் இருந்த குழந்தைகளைத் தேடி ஒப்பிட்டார். முதல் முடிவில் ஊசி போட்ட 712 பேரில் 4 பேருக்கு நோய், அதுவும் லேசாக. போடாத 880 பேரில் 45 பேருக்கு, பெரும்பாலும் கடுமையாக. பணம் தீர்ந்தபோது கெண்ட்ரிக், அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டையே ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். அவர் 1936இல் வந்து பார்த்தார், நிதிக்கும் வழி பிறந்தது. லோனி கிளின்டன் கார்டன் என்ற கறுப்பின வேதியியலாளர் பின்னால் இந்தக் குழுவில் சேர்ந்து ஊடகத்தை மேம்படுத்தினார். 1940களில் தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஊசிகளோடு சேர்த்து ஒரே ஊசி ஆனதுதான் நாம் அறிந்த டி.பி.டி., அதாவது முத்தடுப்பூசி.

[திரை: இரண்டு குப்பிகள். ஒன்றில் கலங்கல், ஒன்றில் தெளிவு.]

கெண்ட்ரிக் செய்தது முழுசெல் தடுப்பூசி. கொன்ற கிருமி மொத்தமாக உள்ளே போகும், கூடவே அதன் வெளிச்சுவரில் இருக்கும் எண்டோடாக்சின் என்ற நச்சும். அதனால்தான் ஊசி போட்ட இரவு காய்ச்சல், தொடை வீக்கம், ஓயாத அழுகை.

1974இல் லண்டனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. ஊசிக்குப் பிறகு நரம்புப் பாதிப்பு ஏற்பட்டதாக 36 குழந்தைகளைப் பற்றிச் சொன்னது. பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொள்ள, பிரிட்டனில் ஊசி போடுவோர் விகிதம் ஏறக்குறைய முப்பது சதவீதத்துக்கு விழுந்தது. விளைவாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். ஜப்பானில் இரண்டு குழந்தைகள் இறந்ததையடுத்து 1975இல் ஊசியையே நிறுத்தினார்கள். 1979இல் அங்கே 13,000க்கு மேல் நோயாளிகள், 41 சாவு.

ஊசி மூளையைப் பாதித்ததா? 2006இல் ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிக் குழு, அப்படிச் சொல்லப்பட்ட 14 பேரின் மரபணுவைப் பார்த்தது. 11 பேரிடம் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் பிழை. வலிப்பு நோயைத் தரும் அந்தப் பிழை ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் தன் வேலையைச் செய்திருக்கும். ஆனால் இந்தப் பதில் முப்பது வருடம் தாமதமாக வந்தது. உலகம் அதற்குள் வேறு வழிக்குப் போய்விட்டது.

அந்த வழியைத் திறந்தவர் ஜப்பானின் யூஜி சாட்டோ. கிருமி முழுவதும் எதற்கு, சில புரதங்களை மட்டும் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். 1981இல் ஜப்பான் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. இதுதான் செல்லற்ற தடுப்பூசி. ஒன்றிலிருந்து ஐந்து புரதங்கள், அவ்வளவுதான். காய்ச்சல் மிகக் குறைவு. 1990களில் அமெரிக்காவும் அதன் பிறகு பணக்கார நாடுகள் பெரும்பாலும் இதற்கு மாறின.

[திரை: கலிஃபோர்னியா, 2010.]

மாறி ஒரு தலைமுறை வளர்ந்தது. 2010இல் கலிஃபோர்னியாவில் 9,000க்கு மேற்பட்டோருக்கு நோய், பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. 2012இல் அமெரிக்கா முழுதும் 48,000க்கு மேல். நோய் வந்தவர்களில் கணிசமானவர்கள் எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்ட பள்ளிப் பிள்ளைகள்! கலிஃபோர்னியா ஆய்வு ஒன்று, ஐந்தாவது ஊசிக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நோய் வரும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், குழந்தைப் பருவத்தில் செல்லற்ற ஊசி மட்டும் போட்டவர்களிடம், முழுசெல் போட்டவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் நோய் தெரிந்தது.

காரணத்தை இப்போது பார்க்கலாம். செல்லற்ற ஊசி ரத்தத்தில் ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்புப் புரதங்களை, நிறைய உருவாக்குகிறது. நச்சு ரத்தத்தில் கலந்தால் அவை பிடித்துவிடும், அதனால் நோய் கடுமையாவதில்லை. ஆனால் கிருமி குடியேறுவது மூக்கு, தொண்டையின் சளிப்படலத்தில். வீட்டுக்குள் பலத்த காவல் இருக்கிறது, திண்ணையில் ஆள் இல்லை. முழுசெல் ஊசியும் இயற்கையாக வந்த நோயும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்களில் வேறு வகையைத் தூண்டுகின்றன. பபூன்களில் முழுசெல் ஊசி போட்டவை மூன்று வாரத்துக்குள் கிருமியைத் துடைத்தெறிந்தன. செல்லற்ற ஊசி போட்டவை ஐந்து வாரம் வரை சுமந்தன. நோய் வந்து குணமானவற்றிடம் கிருமி ஒட்டவே இல்லை.

[திரை: ஆரம்ப சுகாதார நிலையம், புதன்கிழமை காலை வரிசை.]

நம்ம ஊருக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6, 10, 14 வாரங்களில் தொடையில் போடும், முத்தடுப்பூசியோடு இன்னும் இரண்டு நோய்க்கான ஊசி சேர்ந்த பென்டாவேலன்ட் ஊசியில் இருப்பது முழுசெல் வகை. இந்தியாவில் பென்டாவேலன்ட் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், 2011 டிசம்பரில். தனியார் மருத்துவமனைக்குப் போனால் ‘பெயின்லெஸ் போடலாமா?’ என்று கேட்பார்கள். அது செல்லற்ற வகை, பல மடங்கு விலை. விலை கூடினால் தரமும் கூடும் என்று நம் மனசு கணக்குப் போடுகிறது. இந்த விஷயத்தில் அந்தக் கணக்கு தப்பு. முழுசெல் ஊசி பயன்படுத்தும் நாடுகள் அதையே தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. இரண்டுமே குழந்தையைக் கடுமையான நோயிலிருந்து காக்கும், ஆகவே பெயின்லெஸ் போட்டவர்கள் பதற வேண்டாம். ஒரு நாள் காய்ச்சலுக்குப் பயந்து இலவச ஊசியைத் தரக்குறைவாக நினைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காய்ச்சல் வந்தால் செவிலியர் சொன்ன அளவில் பாராசிட்டமால். மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆறாவது வாரத்துக்கு முன்னால் என்ன செய்வது? அதற்குத்தான் கர்ப்பிணிகளுக்கு ஊசி. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். 2012இல் 14 கைக்குழந்தைகள் இறந்ததையடுத்து பிரிட்டன் அந்த அக்டோபரிலேயே இதைத் தொடங்கியது. சிறு குழந்தைகளிடம் சுமார் 90 சதவீதப் பாதுகாப்பு கிடைத்தது. கர்ப்பிணிகளுக்குச் செல்லற்ற வகைதான் கொடுக்கிறார்கள், சரியான இடத்தில் அது பிரமாதமாக வேலை செய்கிறது. நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குப் போடும் டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான்) ஊசியில் கக்குவான் இருமல் பகுதி கிடையாது. அது சேர்ந்த டிடாப் ஊசி தனியாரில் உண்டு, 27 முதல் 36 வாரத்துக்குள் போடுவார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

[திரை: மூக்கில் தெளிக்கும் சிறு குழாய்.]

ஆய்வுகள் இப்போது திண்ணைக்கே ஆள் போடப் பார்க்கின்றன. பிரான்சின் லீல் நகரில் கமீல் லாக்ட் குழு உருவாக்கிய பி.பி.இசட்.இ.1, நச்சுகளை மரபணு வழியாக முடக்கிய உயிருள்ள கிருமி. ஊசி கிடையாது, மூக்கில் தெளிப்பார்கள். 2023இல் வந்த இரண்டாம் கட்டச் சோதனையில் மூக்கின் சளிப்படலத்திலேயே ஆன்டிபாடி உருவாகியிருந்தது. தாய்லாந்தின் பயோநெட் நிறுவனம் வேறு வழியில் போகிறது. பெர்டுசிஸ் நச்சை ஃபார்மலினில் ஊறவைத்தால் அதன் வடிவம் கெடுகிறது என்பதால், மரபணுவை மாற்றி, உருவம் கெடாத, விஷம் மட்டும் இல்லாத நச்சைத் தயாரிக்கிறது.

இவை நம் சுகாதார நிலையத்துக்கு வரும் வரை கையில் இருப்பது முத்தடுப்பூசிதான். ஒன்றரை வயதை ஒட்டி ஒன்று, ஐந்து வயதுக்கு மேல் ஒன்று என்று இரண்டு பூஸ்டர்கள் உண்டு. ஐந்து வயது ஊசி சுலபமாக மறந்துபோகும். வீட்டில் தடுப்பூசி அட்டையை எடுத்து, அந்த வரியில் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.