சாவி நுழைகிறது, திரும்பவில்லை: பழைய பல்சர் பூட்டு பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவருடையது 2006ஆம் ஆண்டு பல்சர் 150. ஹேண்டில் லாக் போட்டபடி வாசலில் நிற்கிறது. சாவி உள்ளே போகிறது, திரும்ப மறுக்கிறது. பக்கத்தில் இருக்கும் மெக்கானிக், "பூட்டை உடைத்துவிட்டுப் புதிது போட்டுவிடலாம்" என்றாராம். உடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள் ஐயா. இப்படி நிற்கிற பூட்டுகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. பூட்டைக் கெடுப்பது அதன் பிறகு நாம் காட்டுகிற பலம்தான். சாவியைக் குறடால் பிடித்துத் திருப்பினால், திரும்பாது; உள்ளேயே முறியும். பத்து நிமிட வேலை அதோடு இரண்டு நாள் வேலையாகிவிடும்.

பல்சரில் இக்னிஷனும் ஹேண்டில் லாக்கும் ஒரே பூட்டு. பழைய புல்லட்டில் அப்படி இல்லை. ஹெட்லைட் கூட்டின் மேல் இக்னிஷன் சாவி தனி, ஹேண்டில் லாக் தனி. உங்கள் வண்டியில் சாவியைத் திருப்பும்போது, ஹேண்டிலைப் பூட்டிப் பிடிக்கும் ஓர் இரும்பு நாக்கும் சேர்ந்து நகர வேண்டும். சக்கரம் சற்றே திரும்பி அந்த நாக்கை நெருக்கிக்கொண்டிருந்தால், சாவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அசையாது. அதனால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: இடது கையால் ஹேண்டிலை, அது பூட்டியிருக்கும் பக்கமாகவே இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள். பிறகு மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதே நேரத்தில் வலது கையால் சாவியை இரண்டு விரல் பலத்தில் மட்டும் திருப்பிப் பாருங்கள். பல வண்டிகள் இந்த இடத்திலேயே திறந்துவிடும்.

திறக்கவில்லையா? அடுத்து சாவியைச் சந்தேகப்படுங்கள். இந்தப் பூட்டுக்குள் வரிசையாகச் சிறு தகடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு ஸ்பிரிங். சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் சாவி நுழையும் உருளை சுழலும். வருடக்கணக்கில் போட்டு எடுத்த சாவியின் வெட்டுகள் மழுங்கிவிடும். சாவியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: கூர்மையாக இருக்க வேண்டிய முனைகள் உருண்டு தெரியும். இன்னொரு சோதனை: சாவியை முழுவதும் உள்ளே தள்ளி, மயிரிழை அளவு வெளியே இழுத்து, அந்த நிலையில் திருப்பிப் பாருங்கள். அப்படித் திரும்பினால் தேய்மானம்தான் காரணம். வண்டி வாங்கியபோது கொடுத்த இரண்டாவது சாவி பீரோவில் எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுங்கள். புதுச் சாவி வெட்டுவதாக இருந்தாலும் அதை வைத்துத்தான் வெட்ட வேண்டும். தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால், அந்தத் தேய்மானமும் சேர்ந்தே பிரதியாகும். தெருவோரச் சாவிக்கடைக்காரரின் அரம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும், இல்லாத உலோகத்தை அது திருப்பித் தராது.

மூன்றாவது அழுக்கு. பல்சரின் சாவித்துவாரம் வானத்தைப் பார்த்திருக்கிறது. மழைநீரும் மண்ணும் நேராக உள்ளே இறங்கும். உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. சாவி கடைசி இரண்டு மில்லிமீட்டர் போகாமல் நின்றால், அடியில் மண் சேர்ந்திருக்கிறது என்று பொருள். பூட்டுக்குக் கீழே மின்தொடர்புகள் இருப்பதால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே டப்பாவோடு வரும் மெல்லிய குழாயைத் துவாரத்தில் வைத்துக் கொஞ்சமாக அடியுங்கள். சாவியைப் போட்டு எடுங்கள், வெள்ளைத் துணியில் துடையுங்கள். முதலில் கறுப்பாக வரும், பிறகு பழுப்பாக வரும். துணி சுத்தமாக வரும்வரை பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். டபிள்யூடி-40 நீரை விலக்கித் துருவைத் தடுக்க உருவானது; அழுக்கையும் கரைக்கும். காலம் முழுக்க வழுக்க வைக்கும் எண்ணெய் அது அல்ல. எனவே ஒரு நாள் நன்றாகக் காயவிட்டு, பிறகு கிராஃபைட் தூள் போடுங்கள். கிடைக்காவிட்டால் 6பி போன்ற கறுப்புப் பென்சிலைச் சாவியின் இரு பக்கமும் அழுத்தித் தேய்த்துப் போட்டு எடுங்கள். ஈரம் காயாமல் தூளைப் போட்டால் சேறாகிவிடும். தேங்காய் எண்ணெய், பழைய எஞ்சின் ஆயில், கிரீஸ் மூன்றும் வேண்டாம். எல்லாமே புழுதியைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பூட்டு மறுபடி மக்கர் செய்யும்.

சாவி ஏற்கெனவே முறிந்து உள்ளே இருந்தால், பசை தடவிய குச்சியை விட்டு இழுக்கும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தகடுகள் ஒட்டிக்கொண்டால் பூட்டு போயே போய்விடும். துவாரம் சாவி போடும் நிலைக்கு நேராக இருந்தால் மட்டுமே துண்டு வெளியே வரும். அதைச் சாவிக்கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தும் அசையவில்லை என்றால் மாற்றுங்கள். ஆனால் இக்னிஷனை மட்டும் வாங்காதீர்கள். பெட்ரோல் டேங்க் மூடி, சீட் பூட்டு எல்லாம் சேர்ந்த லாக் செட்டாக வாங்கினால் ஒரே சாவி போதும். பல வண்டிகளில் பூட்டைப் பிடிக்கும் போல்ட்டின் தலை, திருட்டைத் தடுப்பதற்காகவே, முறுக்கும்போது உடைந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கும். அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், நல்ல கை தேவை.

"பூட்டே வேண்டாம், வயரை நேராகக் கோத்து ஓட்டிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹேண்டில் லாக் இல்லாத வண்டியை யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போகலாம். திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் வழக்கமாக இரண்டு சாவியையும் கேட்கும். பூட்டு மாற்றினால் அந்தப் பில்லையும், பழைய சாவிகளையும், புதுச் சாவி இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

நாளைக் காலையில் ஹேண்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். அடுத்த கேள்விக்குப் போவோம்.