ரங்கூனில் ஒரு மெட்ராஸ்காரர் வரைந்த கோயில்

வணக்கம் மக்களே. இப்போது ஸ்காட் மார்க்கெட்டுக்கு வெளியே நிற்கிறேன். பஸ் சத்தம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே மரங்களுக்கு மேலே ஒரு செங்கல் கோபுரம் தெரிகிறதா? அதுதான் ஹோலி டிரினிட்டி கதீட்ரல், பரிசுத்த திரித்துவ ஆலயம். யாங்கோனின், அதாவது பழைய ரங்கூனின், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்த) பேராலயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். போ அவுங் ஜோ தெருவில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்பது செயின்ட் மேரீஸ். அது கத்தோலிக்கப் பேராலயம், அதுவும் சிவப்பு. ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கட்டடத்தை வரைந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோல்ம். சென்னைக்காரர்களுக்கு இவர் அந்நியர் இல்லை. மெரினாவில் பிரசிடென்சி கல்லூரி, அதே கடற்கரைச் சாலையில் செனட் ஹவுஸ், இரண்டும் இவருடைய கை. திருவனந்தபுரத்து நேப்பியர் மியூசியமும் அப்படியே. மெட்ராஸில் உட்கார்ந்து வேலை பார்த்த கட்டடக் கலைஞரிடம்தான் ரங்கூன் பேராலயத்தை ஒப்படைத்தார்கள். அந்தக் காலத்தில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். கடலைத் தாண்டினால் அடுத்த துறைமுகம் நாம்தான்.

எனக்கு ஆச்சரியம் எங்கே என்றால், செனட் ஹவுஸில் குவிமாடமும் வண்ணக் கண்ணாடியுமாக இழைத்தவர் இங்கே அதில் ஒன்றையும் தொடவில்லை. கூர்முனை வளைவு, ஒடுங்கிய உயர ஜன்னல், செங்குத்தாக ஏறும் கூரை, அதற்கு மேல் ஊசி போன்ற கோபுரம். முழுக்க கோதிக், ஐரோப்பாவின் பழைய கோயில் பாணி. பர்மியச் சாயலும் இல்லை, மெட்ராஸ் சாயலும் இல்லை. பிஷப்புக்கு இங்கிலாந்துக் கோயில்தான் வேண்டியிருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் சரிவான கூரை இந்த ஊருக்குப் பொருந்திவிட்டது. இங்கே வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். தட்டையான மொட்டை மாடி வைத்த கட்டடங்கள் என்ன பாடுபடுகின்றன என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடிக்கல் நாட்டிய ஆண்டைக் கவனியுங்கள்: 1886. நாட்டியவர் வைஸ்ராய் டஃபரின் பிரபு. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 1885 நவம்பரில், மாண்டலேயில் பர்மாவின் கடைசி மன்னர் தீபாவைப் பிடித்து நாடு கடத்தினார்கள். அவர் சாகும்வரை ரத்னகிரியில்தான் இருந்தார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் இந்தியாவோடு சேர்க்கப்பட்டது. அந்தச் சூட்டோடு சூடாக வைத்த கல் இது. இன்னொரு வேடிக்கை, அந்தத் தீபாவே சிறுவயதில் மாண்டலேயில் ஜான் மார்க்ஸ் என்கிற ஆங்கிலிக்கன் பாதிரியாரின் பள்ளியில் படித்தவர். அங்கே பள்ளியும் கோயிலும் கட்டப் பணம் கொடுத்தது அவருடைய அப்பா மிண்டோன் மன்னர்.

வேலை 1894ல் முடிந்தது. கோபுரம் மட்டும் பின்னால், 1913ல் வந்தது. அதாவது, இன்று தூரத்திலிருந்து நாம் அடையாளம் காண்கிற அந்தக் கூம்பு, முதல் இருபது வருஷம் இல்லவே இல்லை.

கட்டி முடித்தபோது பிஷப் ஜான் மில்லர் ஸ்ட்ராச்சன். திருநெல்வேலிப் பக்கத்து நேயர்கள் காதைக் கொடுங்கள். இவர் டாக்டர். ரங்கூனுக்கு வருவதற்கு முன்னால் நாசரேத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கியவர் இவரே. படம் போட்டவர் மெட்ராஸிலிருந்து, பிஷப் நாசரேத் வழியாக!

அப்புறம் யுத்தம். 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்தது. நம் ஆட்கள் ஏராளமானோர் கால்நடையாக அஸ்ஸாம் பக்கம் கிளம்பிய காலம் அது. எந்தத் தமிழ்க் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு கதை இருக்கும். இந்தக் கோயிலை ஜப்பானியர்கள் சாராயம் காய்ச்சும் இடமாக்கினார்கள். ஆமாம், அரிசிச் சாராயம், சாக்கே. 1945ல் பிரிட்டிஷ் படை திரும்பியபின் சீரமைத்து, உள்ளே படைவீரர்களுக்கென்று ஒரு சிற்றாலயம் அமைத்தார்கள். பர்மாவில் போரிட்ட ரெஜிமென்டுகளின் சின்னங்கள் அங்கே இருக்கின்றன. எனக்கு இந்தக் கட்டடத்திலேயே பிடித்த மூலை அதுதான், சிஷோல்மின் வளைவுகளைவிடவும். இறந்தவர்களின் பெயர்களைப் பார்க்க வேண்டுமானால் தவுக்கியான் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். அங்கே தூண்களில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். தமிழ்ப் பெயர்களும் கண்ணில் படும்.

கமெண்டில் அடிக்கடி வரும் கேள்வி, “இது சி.எஸ்.ஐ. கோயிலா?” இல்லை. தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபைகள் 1947ல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்துவிட்டன. பர்மா சேரவில்லை. 1970ல் தனித் திருச்சபை மாகாணமாகி, இன்றும் ஆங்கிலிக்கனாகவே இருக்கிறது. அதன் தலைமைக் கோயில் இது.

உள்ளே போகிறேன். ஆராதனை நேரத்தில் கேமராவை அணைத்துவிடுவேன், அதனால் வீடியோ துண்டு துண்டாக வரும். சென்னை நேயர்கள் ஒரு உதவி செய்யுங்கள். செனட் ஹவுஸ் பக்கம் போனால் செங்கல் வேலையைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். இந்தச் சுவரோடு வைத்துப் பார்க்க வேண்டும்.